கதையை நிறுத்து, நான் அங்கே இருந்தேன்

கேப் கோஸ்ட்
6 செப்டம்பர் 1980

ஆசிரியர் அபேக்கு எஸ்ஸெல் அவர்களுக்கு,

உங்கள் நாவல் ஊரில் நன்றாக ஓடுகிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நைஜீரியாவில் இருக்கும் உங்களுக்கு எட்டியிருக்குமோ என்னவோ, 'ஆறிப்போன அடுப்பு' இப்போது சனிக்கிழமை மாலைகளில் வானொலியில் வாசிக்கப்படுகிறது. வாசிப்பவருக்குத் தேன் குரல். அந்த நேரத்தில் கொத்தொகுராபா சந்தையில் ஒரு முழம் துணி விற்க முடியாது. தக்காளிக்காரி முதல் கருவாட்டுக்காரி வரை பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கதையில் 'நான்' என்று பேசுகிறவன் ஒரு பள்ளி ஆசிரியன். அவன் பெண்டாட்டி துணி வியாபாரி. முன்பல்லில் இடைவெளி உள்ளவள். ஏழு வருஷம் பிள்ளை இல்லை. ஒருநாள் மழையில் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறாள். அவன் வாசலில் நின்று அழுகிறான். கேட்கிற எல்லாரும் கூடவே அழுகிறார்கள். பிறகு எழுந்து வந்து என் முன்பல்லைப் பார்க்கிறார்கள்.

போன சனிக்கிழமை சீட்டித்துணி வாங்க வந்த ஒருத்தி கேட்டாள்: "ஏன்டி அராபா, அந்த மனுஷன் அழ அழ மிஷினைத் தூக்கிட்டுப் போனியாமே, உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"அது கதைதான்க்கா," என்றேன்.

"கதைன்னா மொதல்ல சொல்லிட்டுத்தானே ஆரம்பிப்பாங்க? அவரு ஒண்ணும் சொல்லலியே."

அவள் கேட்டதும் சரிதான். நம் ஊரில் கதை சொல்ல உட்காருகிறவன் முதலில் "கதை நம்புறதுக்கில்ல" என்று கூவ வேண்டும். கேட்கிறவர்கள் "சேத்து வைக்கிறதுக்கு" என்று பதில் கூவ வேண்டும். அதற்குப் பிறகு அவன் எவ்வளவு பொய் வேண்டுமானாலும் சொல்லலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். உங்கள் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அந்தக் கூவல் இல்லை. நீங்கள் மறக்கிற ஆள் இல்லையே.

யார் யாரை விட்டுப் போனார்கள் என்பது எனக்கும் உங்களுக்கும் தெரியும். மிஷின் இன்றைக்கும் அதே ஜன்னலடியில்தான் இருக்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று விட்டிருப்பேன். ஆனால் என் மாமா பொறுமை இழந்துவிட்டார். புது வருஷம் பிறந்ததும் இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் உட்கார வைத்து, கல்யாணத்தில் உங்கள் வீட்டார் கொடுத்த மதுவைத் திருப்பிக் கொடுத்து, எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்கிறார். அந்தப் பெரியவர்களும் வானொலி கேட்கிறார்கள். விட்டுப் போனவள் என்ற பெயரோடு நான் அந்தக் கூட்டத்தில் உட்கார வேண்டும்.

அதனால் கேட்கிறேன். வானொலிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், அந்த ஆள் சொல்வது பொய் என்று. நான் கேட்பது அவ்வளவுதான்.

இப்படிக்கு,
அராபா அக்கோன்

*

அபியோகுட்டா
1 அக்டோபர் 1980

அன்புள்ள அராபா,

லாரி ஓட்டுநர் ஜோஜோ உன் கடிதத்தைக் கொண்டுவந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் சொல்லிக்கொண்டிருந்த பாடம் பாதியில் நின்றுவிட்டது. 'அவர்களுக்கு' என்று ஆரம்பித்து 'அக்கோன்' என்று தாய்வீட்டுப் பெயரில் முடித்திருக்கிறாய். அதை மறுபடி மறுபடி படித்தேன்.

அவன் பொய் சொல்கிறான் என்று நான் எதற்கு வானொலிக்கு எழுத வேண்டும்? அதைப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறேனே. அவனைப் பொய்யனாகத்தான் படைத்தேன். கவனமாகக் கேட்டுப் பார். குடியைத் தொட்டதே இல்லை என்கிறான். ஆனால் ஊரில் எந்தக் கள்ளுக்கடையில் எந்த நாற்காலி ஆடும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பெண்டாட்டி போன பிறகு தானே சமைத்துச் சாப்பிட்டேன் என்கிறான். இரண்டு அத்தியாயம் தள்ளி அவனுக்குக் கரி அடுப்பைப் பற்றவைக்கக்கூடத் தெரியவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை என்கிறவனே அன்றைக்கு அவள் கண் சிவந்திருந்தது என்கிறான். திரும்பாதவளின் கண்ணை எப்படிப் பார்த்தான்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மடையன் அவன். தன் வாயாலேயே மாட்டிக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறேன்.

இங்கே என் மாணவர்களுக்கும் இதைத்தான் நடத்துகிறேன்: 'நான்' என்று பேசுகிறவனை உடனே நம்பாதீர்கள், அவன் எதைச் சொல்லாமல் விடுகிறான் என்று பாருங்கள். ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "சார், சொல்றவன் பொய்யன்னா நெஜத்தை யாருகிட்டப் போய்க் கேக்கறது?" நாளைக்குச் சொல்கிறேன் என்று உட்கார வைத்தேன்.

கூவலை நீக்கியது நான்தான். அச்சுப் புத்தகத்தின் வாசலில் அது சின்னப் பிள்ளைத்தனமாகத் தெரிந்தது. படிக்கிறவன் தானே கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தேன்.

அவன் நான் இல்லை, அராபா. ஒரு இடத்தைத் தவிர. பெண்டாட்டி வீட்டிலிருந்து தினமும் வரும் சாயங்காலச் சோற்றுக் கிண்ணம் வராமல் நின்றுபோனது பற்றி ஒரு அத்தியாயம் வரும். அதில் மட்டும் அவன் பொய் சொல்லவில்லை. அது நடந்தது. என்னை லாரி ஏற வைத்தது அதுதான்.

உடன் வேலை பார்க்கும் பமிடேலேயிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். அவன் சிரித்தான். "ஒரே ஊர்ல புருஷன் அவங்க அம்மா வீட்ல, பொண்டாட்டி அவங்க அம்மா வீட்ல, நடுவுல ஒரு கிண்ணமா? அந்தக் கிண்ணம் வழியில கவுந்துட்டா கல்யாணமும் கவுந்துடுமா?" என்றான். கவிழ்ந்துவிடும் என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. இங்கே சாயங்காலம் ஆனால் எனக்கு இன்னும் காது வாசலுக்குப் போகிறது. யாருடைய செருப்புச் சத்தமும் உன் வீட்டிலிருந்து வருகிற சத்தமாகக் கேட்கிறது.

அபேக்கு

*

கேப் கோஸ்ட்
26 அக்டோபர் 1980

அபேக்கு,

'அவர்களுக்கு' போட்டு எழுத எனக்கு இப்போது பொறுமை இல்லை.

உன் பொய்யனை நுணுக்கமாகக் கண்டுபிடிக்க நேரம் உள்ளவர்கள் பல்கலைக்கழகத்தில் இருப்பார்கள். சந்தையில் இருக்கிறவர்களுக்கு இரண்டு அத்தியாயம் முன்னால் அவன் அடுப்பைப் பற்றி என்ன சொன்னான் என்று எப்படி நினைவிருக்கும்? பக்கத்தைத் திருப்பிப் பார்க்க அவர்களிடம் பக்கம் ஏது? குரல் வருகிறது, போகிறது. குரல் அழுதால் இவர்களும் அழுகிறார்கள். நான் துணிக்காரி. பொய்யனை எனக்கும் அடையாளம் தெரியும். ஆனால் அவன் என் எதிரில் நிற்க வேண்டும், நான் மடக்கிக் கேட்க வேண்டும். பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவனை எப்படி மடக்குவது?

இப்போது கிண்ணத்துக்கு வருகிறேன். அதில்தான் அவன் உண்மை சொல்கிறானாம். அதைப் படித்தபோது கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

உன் வீட்டுக் கூட்டம் நினைவிருக்கிறதா? உன் அக்கா மன்சா எல்லார் முன்னாலும் சொன்னாள்: "ஏழு வருஷமாச்சு. இவ வயித்துல ஒண்ணும் தங்கல. என் தம்பிக்கு இன்னொருத்தி பாக்கலாம்." எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நீ தரையைப் பார்த்தாய். வேண்டாம் என்று ஒரு வார்த்தை, அபேக்கு. வகுப்பில் நாள் முழுக்கப் பேசுகிற வாய்.

அப்படியும் மறுநாள் சாயங்காலம் நான் சமைத்தேன். செம்பனைக்காய் சூப்பு, புகைபோட்ட மீன், உனக்குப் பிடித்த மாதிரி கடைசியில் நண்டு. நீலப்பூப் போட்ட எனாமல் கிண்ணத்தில் ஊற்றி, வெள்ளைத் துணியில் முடிந்து, எப்போதும் போல என் தங்கை மகள் அட்வோவா தலையில் வைத்து அனுப்பினேன். போட்ட முடிச்சு போட்டபடியே திரும்பி வந்தது. "அந்த வீட்ல வேணாம்னுட்டாங்க பெரியம்மா," என்றாள். மறுநாளும் அனுப்பினேன். மறுநாளும் முடிச்சோடு வந்தது. பெண்டாட்டியின் சோற்றைத் தொடாமல் திருப்பி அனுப்பினால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்குப் பிறகு நான் அனுப்பவில்லை. அந்த வாரமே நீ லாரி ஏறிவிட்டாய் என்று படகுத்துறையில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஆகவே உன் பொய்யன் சொன்ன பொய்களிலேயே பெரிய பொய் அதுதான். அதையே நீ உண்மை என்கிறாய்.

நான் ஒன்றும் காத்திருக்கவில்லை, தெரிந்துகொள். அந்தக் கிண்ணத்தைத் தேவாலயத்துக்கு எப்போதோ கொடுத்துவிட்டேன். செம்பனைக்காய் சூப்பு எங்கள் வீட்டில் இப்போது வைப்பதே இல்லை. அந்த எண்ணெய் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

அராபா

*

அபியோகுட்டா
20 நவம்பர் 1980

அராபா,

இந்தக் கடிதத்தைக் கிழித்துக் கிழித்து எழுதுகிறேன்.

கிண்ணம் வந்தது என்கிறாய். நான் அன்றைக்கு முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். வேறெங்கும் போகவில்லை. கூட்டத்தில் வாய் திறக்காத வெட்கத்தில் உன் வீட்டுக்கு வரக் கால் எழவில்லை. கிண்ணம் வந்தால் அவள் என்னை இன்னும் விடவில்லை என்று அர்த்தம், சாப்பிட்டு முடித்த கையோடு போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று எனக்குள் ஒரு கணக்கு. இருட்டிவிட்டது. வரவில்லை. மன்சா அக்கா வந்து, "உன் பொண்டாட்டி அடுப்பு அணஞ்சுபோச்சு போல இருக்கு," என்று சொல்லி வறுத்த வாழைக்காய் வைத்தாள். மறுநாளும் அப்படியே. புத்தகத்தின் பெயரே அக்காவின் அந்த வார்த்தையில் பிறந்ததுதான்.

கதைக்குள் ஒரு பொய்யனை வைத்து வேடிக்கை காட்டத் தெரிந்த எனக்கு இதை என்ன செய்வதென்று தெரியவில்லை. நீ பொய் சொல்கிறாய் என்று நினைக்க முடியவில்லை. நான் பார்க்காததை நம்பவும் முடியவில்லை. கோபப்படாதே. உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் புத்தகத்தை எடுத்து, அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் வேறு யாரோ எழுதியது போலப் படித்துப் பார்த்தேன். அந்த ஆள் முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறான். எழுந்து சந்து முனை வரை போய்ப் பார்க்கவே இல்லை. எழுதும்போது இது எனக்கு உறைக்கவில்லை.

அந்த அத்தியாயம் டிசம்பரில் வானொலியில் வரும் என்று ஜோஜோ சொன்னான். அன்றைக்கு நீ சந்தையில் இருக்காதே. வீட்டுக்குப் போய்விடு.

எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தாய். உடம்பைப் பார்த்துக்கொள்.

அபேக்கு

*

கேப் கோஸ்ட்
14 டிசம்பர் 1980

அபேக்கு,

நீ இருக்காதே என்றாய், அதனால் இருந்தேன். நேற்று மாலை, கருவாட்டு வரிசைக்குப் பக்கத்தில், அத்தனை பேர் நடுவில்.

தேன் குரல்காரர் ஆரம்பித்தார். முற்றம், இருட்டு, பசி, வராத கிண்ணம். "அவள் அடுப்பை அணைத்துவிட்டாள்" என்று உன் ஆள் சொன்ன இடத்தில் ஒரு கிழவி மூக்கைச் சிந்தினாள். எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. எழுந்து நின்றேன். கதை கேட்கிறவர்களுக்கு நம் ஊரில் உள்ள உரிமை ஒன்று உண்டே, சொல்கிறவன் அளக்கிறான் என்று தோன்றினால் எழுந்து கையைத் தட்டி, "கதையை நிறுத்து, நான் அங்க இருந்தேன்" என்று சொல்லிப் பாட்டு எடுக்கிற உரிமை. சின்ன வயதில் நான் அதற்குப் பேர் போனவள். நீ என்னை முதலில் பார்த்ததே அப்படித்தான், உன் கதையை நான் நிறுத்தியபோது.

கையைத் தட்டினேன். "கதையை நிறுத்து, நான் அங்க இருந்தேன்," என்றேன். வானொலிக்காரர் நிறுத்தவில்லை, பாவம், அவருக்கு எங்கே கேட்கும். தக்காளிக்காரி பெட்டியின் காதைத் திருகி வாயை அடைத்தாள். "பாடு அராபா," என்றாள். பாடினேன்.

அன்னிக்கு அடுப்பு எரிஞ்சுது, நான் அங்க இருந்தேன்
நண்டு கொதிச்சு மணந்துது, நான் அங்க இருந்தேன்
முடிச்சுப் போட்டு அனுப்புனேன், நான் அங்க இருந்தேன்
முடிச்சோட திரும்பி வந்துச்சு, யாரு அங்க இருந்தீங்க?

எல்லாரும் கை தட்டித் திருப்பிப் பாடினார்கள். கடைசி வரியைப் பாடும்போது உன் சந்து முனையில் புகைமீன் விற்கிற எக்குவா பைடூ எழுந்தாள். தெரியும் அல்லவா, வாயைத் திறந்தால் மூடாதவள். அவள் பாடவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பேசினாள்.

"நிறுத்துங்கடி. நான் அங்க இருந்தேன். கிண்ணம் வந்துச்சு. என் கடை வாசல்லயே மன்சா நின்னா. அந்தப் பொண்ணு தலையில இருந்ததைத் தொட்டுப் பாத்து, 'என் தம்பிக்கு வேணாம், கொண்டு போ'ன்னா. ரெண்டு நாளும் நின்னா. வாத்தியாரு சொல்லித்தான் செய்யறான்னு நான் நெனச்சேன். புருஷன் பொண்டாட்டி விவகாரம், நமக்கெதுக்குன்னு வாயை மூடிட்டு இருந்தேன். இப்பத்தானே தெரியுது, கிண்ணம் வரலைன்னு அந்த மனுஷன் புஸ்தகமே எழுதியிருக்காரு. அவருக்குத் தெரியவே தெரியாதுடி."

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, எது முதலில் என்று இப்போது யாராவது கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

ஆக, உன் ஆளும் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் பாதி தெருதான் பார்த்தோம். மீதிப் பாதியில் உன் அக்கா நின்றிருந்தாள்.

ஆனால் ஒன்று, அபேக்கு. கிண்ணத்தை அவள் நிறுத்தினாள், சரி. கூட்டத்தில் உன் வாயை யார் நிறுத்தினார்கள்? அதற்கு எக்குவா பைடூவால் சாட்சி சொல்ல முடியாது.

ஜனவரி முதல் சனிக்கிழமை பெரியவர்கள் உட்காருகிறார்கள். மாமா மது வாங்கி வைத்துவிட்டார். வருவதும் வராததும் உன் இஷ்டம். நான் காத்திருக்கவில்லை என்று ஏற்கெனவே எழுதிவிட்டேன்.

அராபா

*

கேப் கோஸ்ட், என் வீட்டிலிருந்து
2 ஜனவரி 1981, வெள்ளிக்கிழமை காலை

அராபா,

எல்லையில் லாரியை நிறுத்தி வைத்துவிட்டார்கள். விடியும்போதுதான் வந்து இறங்கினேன். உன் தெரு வழியாகத்தான் வந்தேன். ஜன்னலடியில் மிஷினைப் பார்த்தேன். கதவைத் தட்டத் துணிச்சல் வரவில்லை, அதனால் பக்கத்துத் தெருவிலிருந்து கடிதம் எழுதுகிறேன். சிரிக்காதே.

மன்சா அக்காவிடம் கேட்டேன். மறைக்கவில்லை அவள். "ஆமா, நான்தான் திருப்பி அனுப்பினேன். நம்ம வீட்டுக்கு அவ என்ன குறை வெச்சான்னு கேக்காத. அவ சோறு ருசி. அதான் பயம். அதைச் சாப்பிட்டா நீ இன்னொருத்தியப் பாக்கவே மாட்டே," என்றாள். கோபப்பட எண்ணித்தான் உட்கார்ந்தேன். அவள் சொன்னது உண்மையாக இருந்ததால் முடியவில்லை.

நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் ஜோடனை எதுவும் இல்லை. என் வாயை யாரும் நிறுத்தவில்லை. இவ்வளவு பெரிய புத்தகத்தில், அத்தனை பொய்களையும் அவன் வாயில் வைத்தேனே, அந்தக் கூட்டத்தை மட்டும் எழுதவே இல்லை. நீ கவனித்திருப்பாய்.

நாளை பெரியவர்கள் முன்னால் கை தட்டி எழுந்து நிற்கப் போகிறேன். "கதையை நிறுத்துங்கள், நான் அங்கே இருந்தேன்" என்று சொல்வேன். விட்டுப் போனவன் நான், அவள் அல்ல என்று சொல்வேன். எனக்கு வேறு பெண் வேண்டாம், பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் என்று சொல்வேன். அதற்கும் பிறகு நீ மதுவைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு லாரி ஏறிவிடுவேன். உன் பெயராவது உன்னிடம் இருக்கும்.

இது நாளைக்கு. இன்று சாயங்காலம் நான் முற்றத்தில் உட்காரப் போவதில்லை. சந்து முனையில், எக்குவா பைடூவின் மீன் கூடைக்குப் பக்கத்தில், ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். கிண்ணம் இல்லை என்று எழுதியிருந்தாய், நினைவிருக்கிறது. சும்மா உட்கார்ந்திருப்பேன்.

உன்னைப் பார்க்காமல் எப்படி இவ்வளவு காலம் இருந்தேன் என்று தெரியவில்லை, அராபா.

கதை நம்புவதற்கில்லை.

அபேக்கு

*

வெள்ளிக்கிழமை மாலை

அபேக்கு,

சேர்த்து வைப்பதற்கு.

உன் மாணவி ஒருத்தி கேட்டாளே, சொல்கிறவள் பொய் சொன்னால் உண்மையை யாரிடம் கேட்பது என்று. எனக்கும் தெரியாது. ஆனால் நான் உனக்கு எழுதிய கடிதங்களில் காத்திருக்கவில்லை என்று வருகிற இடங்களில் எல்லாம் சொல்கிறவளை நம்பாதே. கிண்ணத்தைத் தேவாலயத்துக்குக் கொடுத்தாள் என்பதையும் நம்பாதே. அந்த எண்ணெய் அவளுக்கு நன்றாகவே ஒத்துக்கொள்கிறது.

மாமாவின் மது நாளை வரைக்கும் அலமாரியில் இருக்கும். நீ எழுந்து பேசியதும், திருப்பிக் கொடுக்காமல் எல்லாருக்கும் ஊற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். பேசாமல் தரையைப் பார்த்தால் என்ன செய்வேன் என்று இப்போது சொல்ல மாட்டேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவளை அட்வோவா என்று நினைத்துவிடாதே. அட்வோவாவுக்குப் போன வருஷமே கல்யாணம் ஆகிவிட்டது. தலையில் கிண்ணத்தோடு நிற்பாள், முன்பல்லில் இடைவெளி இருக்கும். இறக்கி வை. நண்டு இருக்கிறது. முடிச்சை நீயே அவிழ். வழியெல்லாம் கழுத்து வலித்தது என்பாள், அதை நம்பு.

அராபா